நிரல்மொழிக்குத் தரநிலை இருக்கிறது, அனுமதி இருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே காப்புரிமை என்று சொல்வது எதை?

தமிழில் இந்தச் சொல் படும் பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. பல இணையதளங்களின் அடியில் 'காப்புரிமை பெற்றது' என்று போட்டிருப்பார்கள். அவர்கள் சொல்ல வருவது காப்பிரைட். அதற்குப் பதிப்புரிமை என்று நல்ல சொல் இருக்கிறது. இந்தப் பக்கம் முழுக்கக் காப்புரிமை என்றால் பேடன்ட், பதிப்புரிமை என்றால் காப்பிரைட். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கீழே வரும் ஜாவா கதை புரியாது.

பதிப்புரிமை நீங்கள் எழுதிய வரிகளைக் காக்கிறது. அதே வேலையைச் செய்யும் நிரலை இன்னொருவர் உங்கள் வரிகளைப் பார்க்காமல் தானே எழுதினால் அவரை அது தொடாது. காப்புரிமை வழிமுறையையே பிடிக்கிறது. யாரையும் பார்த்து எழுதவில்லை, ராத்திரி உட்கார்ந்து நானே யோசித்தேன் என்று நீங்கள் சொன்னாலும், அந்த வழிமுறை வேறொருவர் பெயரில் பதிவாகியிருந்தால் மீறல் மீறல்தான். விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 20 ஆண்டுகள் அது உயிரோடு இருக்கும்.

ஒரு நிரல்மொழிக்கே காப்புரிமை வாங்க முடியுமா?

இலக்கணத்துக்கு வாங்குவது கிட்டத்தட்ட முடியாத காரியம். 'இஃப்' எழுதிய பிறகு அடைப்புக்குறி வர வேண்டும் என்பது கண்டுபிடிப்பு ஆகாது. ஆனால் மொழி தாளில் ஓடுவதில்லையே. அதை ஓட வைக்கும் உத்திகள் இருக்கின்றன. நினைவகத்தில் குப்பை பொறுக்கும் முறை, ஓடும்போதே எந்திரக் கட்டளையாக மாற்றும் முறை, பைட்கோட் என்ற இடைநிலைக் கட்டளைகளைச் சரிபார்க்கும் முறை, பெயரால் குறித்த ஒன்றை ஓடும் நேரத்தில் இடக்குறிப்பாக மாற்றும் முறை என்று வரிசையாக எல்லாவற்றின் மேலும் காப்புரிமைகள் உண்டு. மொழியைச் சொல்லித் தருகிறவருக்கு இவற்றால் பிரச்சினை இல்லை. அந்த மொழிக்குக் கம்பைலரோ (நிரலை எந்திரக் கட்டளையாக மாற்றும் மென்பொருள்) இயக்குசூழலோ (நிரலை ஓட்டும் மென்பொருள்) எழுதுகிறவருக்குத்தான் தலைவலி.

பதிப்புரிமைப் பக்கம் ஐரோப்பாவில் ஒரு தெளிவான தீர்ப்பு இருக்கிறது. எஸ்ஏஎஸ் நிறுவனம், தன் மொழியில் எழுதிய நிரல்களை ஓட்டும் மென்பொருளை உருவாக்கிய வேர்ல்டு புரோகிராமிங் மேல் வழக்குப் போட்டது. நிரலின் செயல்பாட்டுக்கும் அது பயன்படுத்தும் நிரல்மொழிக்கும் கணினி நிரல்களுக்கான ஐரோப்பியச் சட்டத்தின் கீழ் நிரலுக்கான பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 மே மாதம் சொன்னது.

மென்பொருளுக்குக் காப்புரிமையே கிடையாது என்கிறார்களே?

அது பாதி உண்மை. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 52ஆம் பிரிவு கணினி நிரலை 'நிரல் என்ற அளவில்' விலக்கிவைக்கிறது. இந்தியச் சட்டத்தின் மூன்றாம் பிரிவிலும் அதே போன்ற வாசகம் உண்டு. அந்த 'என்ற அளவில்' என்ற இரண்டு சொல்லுக்குள்தான் வக்கீல்கள் குடும்பம் நடத்துகிறார்கள். தொழில்நுட்ப விளைவு இருக்கிறது என்று காட்டிவிட்டால் கதவு திறக்கும். மென்பொருள் காப்புரிமைக்கு ஐரோப்பா முழுவதற்கும் ஒரே விதி கொண்டுவர முயன்ற வரைவை ஐரோப்பிய நாடாளுமன்றம் 2005 ஜூலையில் 648க்கு 14 என்று தள்ளுபடி செய்தது. ஆனாலும் காப்புரிமைகள் வழங்கப்படுவது நிற்கவில்லை.

அமெரிக்காவில் 2014இல் ஆலிஸ் வழக்கின் தீர்ப்பு வந்தது. வெறும் கருத்தை எடுத்துக் கணினியில் செய் என்று சேர்த்துவிட்டால் போதாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகு மோசமான காப்புரிமைகள் நிறைய விழுந்தன. கம்பைலர் உத்தி போன்றவை அவ்வளவு எளிதில் விழுவதில்லை, அவை வெறும் கருத்து அல்ல என்று வாதாட இடம் இருக்கிறது.

தரநிலை என்றால் என்ன, அதை யார் தருகிறார்கள்?

ஒரு மொழி என்ன, அதன் ஒவ்வொரு கூறும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதி, ஒரு அமைப்பு வாக்கெடுத்து வெளியிடும் ஆவணம். சி மொழிக்கு 1989இல் அமெரிக்கத் தரநிலை அமைப்பான ஆன்சி, 1990இல் பன்னாட்டுத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓ. சி பிளஸ் பிளஸுக்கு 1998. அடா, ஃபோர்ட்ரான், கோபால் எல்லாம் இந்த வழியில் வந்தவை. ரூபி கூட 2012இல் ஐஎஸ்ஓ எண் வாங்கியது.

இன்னொரு வாசல் எக்மா. ஐரோப்பியக் கணினி உற்பத்தியாளர்கள் தொடங்கிய சங்கம். ஜாவாஸ்கிரிப்ட் 1997இல் எக்மா-262 ஆனது. எக்மாவில் ஒப்புதல் வாங்கினால் ஐஎஸ்ஓவுக்கு விரைவுப் பாதையில் கொண்டுபோகலாம் என்பதால் நிறுவனங்களுக்கு அது பிடித்த வாசல். எக்மா ஆவணங்கள் இலவசம். ஐஎஸ்ஓ ஆவணத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதனால்தான் சி நிரலர்களில் பெரும்பாலோர் இறுதி வரைவை வைத்தே காலம் தள்ளுகிறார்கள், தரநிலையின் முதல் பக்கத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு.

ஐஎஸ்ஓ எண் இருந்தால் காப்புரிமை பயம் இல்லைதானே?

இல்லை. எண் இருந்தாலும் பயம் போகாது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

தரநிலை ஒரு வரையறை. அனுமதிச் சீட்டு அல்ல. 'இந்த மொழி இப்படி நடக்க வேண்டும்' என்று அது சொல்கிறது. 'இதை நீ செய்துகொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள்' என்று எங்கேயும் சொல்வதில்லை. சொல்லப்போனால், ஐஎஸ்ஓ தரநிலைகளின் முன்னுரையிலேயே நேர்மாறாக எழுதியிருக்கும்: இதன் சில கூறுகள் காப்புரிமைக்கு உட்பட்டவையாக இருக்கலாம், அவற்றைக் கண்டுபிடித்துச் சொல்வது எங்கள் பொறுப்பு இல்லை என்று. அந்தப் பத்தியை யாரும் படிப்பதில்லை.

ஐஎஸ்ஓ, மின்துறைத் தரநிலைகளுக்கான ஐஈசி, தொலைத்தொடர்புக்கான ஐடியு மூன்றுக்கும் பொதுவான ஒரு காப்புரிமைக் கொள்கை உண்டு. தரநிலைக்குள் தன் காப்புரிமை வருகிறது என்று நினைக்கும் நிறுவனம் ஒரு படிவத்தில் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாவது, காசு வாங்காமல் உரிமம் தருவேன். இரண்டாவது, நியாயமான, பாரபட்சமற்ற நிபந்தனைகளில் தருவேன். மூன்றாவது, தர மாட்டேன். மூன்றாவதைத் தேர்ந்தால் அந்தப் பகுதியைத் தரநிலையிலிருந்து நீக்க வேண்டும். ஆக, இரண்டாவது பெட்டியில் டிக் அடித்துவிட்டு முழு ஐஎஸ்ஓ தரநிலையாக வெளிவருவதற்கு எந்தத் தடையும் இல்லை.

நியாயமான விலை என்றால் நல்லதுதானே?

பெட்டியில் அடைத்து விற்கும் நிறுவனத்துக்கு நல்லது. எத்தனை பிரதி விற்றோம் என்று அதற்குக் கணக்கு இருக்கும், பிரதிக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடும். திறமூல மென்பொருளை யார் வேண்டுமானாலும் இறக்கலாம், நகலெடுக்கலாம், மாற்றி மறுபடி கொடுக்கலாம். எண்ணவே முடியாததற்குப் பிரதிக் கட்டணம் எப்படிக் கட்டுவது? அடுத்தவருக்குக் கொடுக்கும்போது தடை போடக் கூடாது என்கிற ஜிபிஎல் போன்ற உரிமங்களோடு இது அடிப்படையிலேயே மோதுகிறது. 'பாரபட்சமற்ற' என்ற சொல்லே ஒரு சாராரை மொத்தமாக வெளியே நிறுத்திவிடுகிறது என்பது என் பார்வை.

வலைத் தரநிலைகளை எழுதும் டபிள்யூ3சி இதைப் பார்த்துத்தான் 2004 பிப்ரவரியில் கட்டணமில்லா உரிமம் என்பதையே தன் கொள்கையாக எடுத்துக்கொண்டது. ஜாவாஸ்கிரிப்டைக் கவனிக்கும் எக்மா குழுவும் கட்டணமில்லாக் கொள்கையின் கீழ்தான் வேலை செய்கிறது.

சி ஷார்ப், மோனோ விவகாரம் என்று பேசிக்கொள்கிறார்களே, அது என்ன?

தரநிலைக்கும் அனுமதிக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் காட்ட இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2000இல் மைக்ரோசாஃப்ட், ஹெச்பி, இன்டெல் மூன்றும் சேர்ந்து சி ஷார்ப் மொழியையும் அதன் இயக்குசூழலான டாட்நெட்டின் அடித்தளத்தையும் எக்மாவிடம் கொடுத்தன. 2001 டிசம்பரில் அவை எக்மா-334, எக்மா-335 ஆயின. 2003இல் ஐஎஸ்ஓ எண்களும் வந்துவிட்டன. காகிதத்தில் பார்த்தால் ஜாவாவைவிடத் திறந்த மொழி. இதை நம்பித்தான் நிரலர் மிகேல் தெ இகாசா, சி ஷார்ப்பை லினக்ஸில் ஓட்டும் மோனோ என்ற திறமூலத் திட்டத்தை 2001இல் தொடங்கினார், 2004இல் அதன் முதல் பதிப்பு வந்தது.

இரண்டு ஓட்டைகள் இருந்தன. முதலாவது, எக்மாவுக்குக் கொடுத்தது மொழியும் அடிப்படை நூலகமும் மட்டும். நிஜமாக ஒரு செயலி எழுத வேண்டுமென்றால் தேவைப்படும் நூலகங்கள், அதாவது வலைப்பக்கத்துக்கான ஏஎஸ்பி டாட்நெட், தரவுத்தளத்துக்கான ஏடிஓ டாட்நெட், திரைச் சாளரங்களுக்கான விண்டோஸ் ஃபார்ம்ஸ் எல்லாம் வெளியே நின்றன. மோனோ அவற்றையும் மறுபடி எழுதியது. தரநிலையின் நிழல் அவற்றின் மேல் விழவில்லை.

இரண்டாவது, தரநிலைக்கு உள்ளே இருந்ததற்குக்கூட எழுத்தில் என்ன இருந்தது? நியாயமான நிபந்தனை என்ற பொது உறுதி. காசு கேட்க மாட்டோம் என்று மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் எழுதியிருந்தார். ஊழியர் எழுதிய மடலும் நிறுவனம் கையெழுத்திட்ட பத்திரமும் ஒன்றா? ஆண்டுக்கணக்கில் இந்தச் சண்டை ஓடியது. 2009 ஜூனில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன், சி ஷார்ப்பை நம்பி நிரல் எழுதுவது ஆபத்து என்று எழுதினார். சி ஷார்ப்பில் இருந்த டாம்பாய் என்ற குறிப்பெடுக்கும் செயலியை ஒருவர் சி பிளஸ் பிளஸில் மாற்றி எழுதி ஞோட் என்று வெளியிட்டார். குறிப்பெடுக்கும் செயலிக்கே இந்தக் கதி.

அதற்கு அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட், எக்மா-334, 335 இரண்டையும் தன் 'சமூக வாக்குறுதி'க்குள் கொண்டுவந்தது. அவற்றைச் செயல்படுத்தத் தேவையான காப்புரிமைகளை வைத்து வழக்குப் போட மாட்டோம், இது திரும்பப் பெற முடியாதது என்றது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் தரநிலையின் கட்டாயப் பகுதிகளை முழுதாகச் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. வெளியே நின்ற நூலகங்கள் வெளியேயே நின்றன.

கடைசியில் கதை முடிந்தது தரநிலையால் இல்லை. 2014 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் டாட்நெட்டின் மையப் பகுதியை எம்ஐடி உரிமத்தில் திறமூலமாக்கி, கூடவே தனியாக ஒரு காப்புரிமை வாக்குறுதியும் கொடுத்தது. 2016இல் மோனோவுக்குப் பின்னால் இருந்த சாமரின் நிறுவனத்தை வாங்கி மோனோவையும் எம்ஐடிக்கு மாற்றியது. 2018 அக்டோபரில் லினக்ஸைச் சுற்றிக் காப்புரிமைச் சமாதானம் செய்துகொண்ட ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க்கில் சேர்ந்தது, சுமார் 60,000 காப்புரிமைகளோடு. தரநிலை 2001இல் வந்துவிட்டது. நிம்மதி வர இன்னும் 13 ஆண்டுகள் பிடித்தன.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. எக்மா-334இன் நான்காம் பதிப்பு 2006இல் வந்தது, ஐந்தாம் பதிப்பு 2017இல். நடுவில் மொழி எங்கேயோ போய்விட்டது. ஒத்திசையாப் பணிகளுக்கான 'அசிங்க்', தரவைத் தேடி எடுக்கும் 'லிங்க்' எல்லாம் அந்தப் பதினோரு ஆண்டுகளில் மொழியில் இருந்தன, தரநிலையில் இல்லை.

ஜாவாவுக்கு ஏன் ஐஎஸ்ஓ தரநிலை இல்லை?

ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் முயன்று பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. 1997இல் ஐஎஸ்ஓவின் வாசல்வரை போனது. 1999இல் எக்மா பக்கம் திரும்பியது. அந்த டிசம்பரிலேயே அங்கிருந்தும் எழுந்து வந்துவிட்டது. கட்டுப்பாடு கைவிட்டுப் போகும் என்பதுதான் கவலை. மைக்ரோசாஃப்ட் தன் இஷ்டத்துக்கு ஜாவாவை வளைக்கிறது என்று 1997இல் வழக்குப் போட்ட நிறுவனத்துக்கு அந்தக் கவலை இருந்ததில் வியப்பில்லை. அதற்குப் பதிலாக 1998இல் தன் தலைமையிலேயே ஜாவா சமூகச் செயல்முறை என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது.

அங்கே அனுமதி கிடைத்த விதம் சுவாரசியமானது. விவரக்குறிப்பை முழுதாகச் செய், கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது, சோதனைத் தொகுப்பில் தேர்ச்சி பெறு, அப்புறம்தான் உனக்கு உரிமை என்றார்கள். திறமூலத் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளை ஹார்மனி என்ற திறமூல ஜாவாவை எழுதியது. சோதனைத் தொகுப்பைக் கேட்டபோது, எந்த வகைக் கருவிகளில் ஓட்டலாம் என்பதற்குக் கட்டுப்பாடு போட்ட உரிமத்தை நீட்டினார்கள். திறமூலத்துக்கு அப்படிக் கட்டுப்பாடு ஆகாது. ஆண்டுக்கணக்கில் இழுபறி. 2010 டிசம்பரில் ஜாவா சமூகச் செயல்முறையின் செயற்குழுவிலிருந்து அப்பாச்சி வெளியேறியது, அடுத்த ஆண்டு ஹார்மனியும் மூடப்பட்டது. பரீட்சை எழுதவே விடாமல் தேர்ச்சி பெறவில்லை என்பது போலத்தான்.

ஆரக்கிள், கூகுள் வழக்கில் காப்புரிமை ஜெயித்ததா?

இல்லை, தோற்றது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சன்னை வாங்கிய ஆரக்கிள், 2010 ஆகஸ்டில் ஜாவா மொழியைப் பயன்படுத்திய கூகுளின் ஆண்ட்ராய்டு மீது வழக்குப் போட்டபோது ஏழு காப்புரிமைகளையும் பதிப்புரிமையையும் சேர்த்தே போட்டது. விசாரணைக்கு வரும்போது இரண்டு காப்புரிமைகளே மிஞ்சின. அதில் ஒன்று ஜாவாவின் தந்தை ஜேம்ஸ் காஸ்லிங்கின் பெயரில் இருந்தது. 2012 மே மாதம் ஜூரி, மீறல் இல்லை என்று சொல்லிவிட்டது. அதோடு காப்புரிமைக் கதை முடிந்தது.

அதன்பின் ஒன்பது ஆண்டுகள் இழுத்தது பதிப்புரிமை. ஜாவாவின் 37 ஏபிஐ (நிரல்கள் நூலகத்தை அழைக்கும் இடைமுகம்) தொகுப்புகளின் அறிவிப்பு வரிகளை, சுமார் 11,500 வரிகளை, கூகுள் அப்படியே எடுத்துக்கொண்டது சரியா என்பதே கேள்வி. அந்த வரிகளுக்குப் பதிப்புரிமையே இல்லை என்றார் நீதிபதி ஆல்சப். இருக்கிறது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். நியாயமான பயன்பாடு என்றது இரண்டாவது ஜூரி. இல்லை என்றது மறுபடி மேல்முறையீடு. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 6க்கு 2 என்று நியாயமான பயன்பாடுதான் என முடித்துவைத்தது. ஏபிஐக்குப் பதிப்புரிமை உண்டா என்ற மூலக்கேள்விக்கு மட்டும் அது பதில் சொல்லவில்லை. உண்டு என்றே வைத்துக்கொள்வோம் என்று தாண்டிப்போனது.

அப்படியானால் தரநிலை இல்லாத மொழிகள் இன்னும் ஆபத்தா?

பைதான், பெர்ல், ரஸ்ட், கோ எதற்கும் ஐஎஸ்ஓ தரநிலை கிடையாது. யாரும் தூக்கம் இழக்கவில்லை. ஏனென்றால் முதன்மையான செயலாக்கமே திறமூலம், உரிமம் கையில் இருக்கிறது. கோ மொழியோடு கூகுள் தனியாக ஒரு காப்புரிமை அனுமதிக் கோப்பையே வைத்திருக்கிறது. ஸ்விஃப்ட், அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருகிறது.

தரநிலையின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மொழிக்கு நான்கு கம்பைலர்கள் இருந்து, நான்கும் ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்றால் அது வேண்டும். விமானத்திலோ மருத்துவக் கருவியிலோ ஓடும் நிரலுக்குச் சான்று வாங்கப் போனால் மொழியின் விவரக்குறிப்பைக் கேட்பார்கள். அதற்கும் காப்புரிமைக்கும் சம்பந்தம் இல்லை.

மொழியை உருவாக்கியவர் வாக்குக் கொடுத்துவிட்டால் போதுமா?

அவர் வழக்குப் போட மாட்டார், அவ்வளவுதான். தரநிலைக் குழுவில் உட்காராத, படிவமே நிரப்பாத மூன்றாம் ஆளை அந்த வாக்கு கட்டாது.

கோடக் கதை தெரியுமா? ஃபிலிம் விற்ற கோடக்தான். 1997இல் வாங் லேபரட்டரீஸிடம் சில காப்புரிமைகளை வாங்கி வைத்திருந்தது. ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் வேலையை ஒப்படைப்பது பற்றியவை அவை. ஜாவா அதை மீறுகிறது என்று சன் மேல் வழக்குப் போட்டு, 2004 அக்டோபரில் கோடக்கின் சொந்த ஊரான ராச்செஸ்டரில் ஜூரி கோடக் பக்கம் சொன்னது. நூறு கோடி டாலருக்கு மேல் கேட்டார்கள். 9.2 கோடி டாலர் கொடுத்து சன் சமாதானம் செய்துகொண்டது. மொழியின் சொந்தக்காரரே கட்டணம் கட்டிய கதை இது.

ஜிஃப் படக்கோப்பு இன்னொன்று. 1987இல் காம்ப்யூசெர்வ் வெளியிட்டது, உலகமே பயன்படுத்தியது. உள்ளே இருந்த எல்ஜெட்டபிள்யூ சுருக்கமுறை யூனிசிஸின் காப்புரிமை என்று 1994 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. ஏழு ஆண்டுகள் பழகிய பிறகு. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் பிஎன்ஜி என்ற மாற்றுப் படக்கோப்பு. அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை 2003 ஜூனில் காலாவதியானது.

வலைப்பக்கத்துக்குள் செயலியைப் பதித்து ஓட்டுவது எங்கள் கண்டுபிடிப்பு என்ற இயோலஸ், மைக்ரோசாஃப்டுக்கு எதிராக 2003இல் சுமார் 52 கோடி டாலர் தீர்ப்பு வாங்கியது. 2012இல் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் ஊரில் டிம் பெர்னர்ஸ்-லீயே வந்து சாட்சி சொன்ன பிறகு, ஜூரி அந்த உரிமைக்கோரல்கள் செல்லாது என்றது.

எந்தத் திறமூல உரிமம் காப்புரிமை அனுமதியைத் தருகிறது?

2004இல் வந்த அப்பாச்சி 2.0, 2007இல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு இரண்டிலும் வெளிப்படையாக உண்டு. பங்களித்தவர், தன் பங்களிப்பு மீறும் தன் காப்புரிமைகளைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி தருகிறார். அப்பாச்சியில், அந்த மென்பொருள் உங்கள் காப்புரிமையை மீறுகிறது என்று நீங்கள் வழக்குப் போட்டால் உங்கள் அனுமதி போய்விடும். எம்ஐடி, பிஎஸ்டி இரண்டும் சின்ன உரிமங்கள், காப்புரிமை என்ற சொல்லே அவற்றில் இல்லை. 'பயன்படுத்தலாம், விற்கலாம்' என்று சொன்னதிலேயே அனுமதி அடங்கியிருக்கிறது என்று வாதிடலாம். ஆனால் அது வாதம்தான்.

ஃபேஸ்புக்கின் ரியாக்ட் நூலகம் கொஞ்ச காலம் பிஎஸ்டியோடு தனிக் காப்புரிமைத் தாள் ஒன்றைச் சேர்த்து வந்தது. நீங்கள் ஃபேஸ்புக் மேல், ரியாக்டுக்குச் சம்பந்தமே இல்லாத காப்புரிமை வழக்குப் போட்டாலும் ரியாக்ட் அனுமதி போய்விடும் என்பது அதன் சாரம். 2017 ஜூலையில் அப்பாச்சி, தன் திட்டங்களில் இதைச் சேர்க்கக் கூடாது என்றது. செப்டம்பரில் ஃபேஸ்புக் எம்ஐடிக்கு மாறியது. எழுதி வைத்திருந்த அனுமதித் தாளை எடுத்துவிட்டு ஒன்றும் பேசாத உரிமத்துக்குப் போனதைத்தான் எல்லோரும் வெற்றி என்று கொண்டாடினார்கள்.

ஒரு நிறுவனத்தின் காப்புரிமை வாக்குறுதியைப் படிக்கும்போது எதைப் பார்ப்பது?

முதலில் யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள்: நிறுவனமா, அதன் ஊழியரின் வலைப்பதிவா. அடுத்து, எந்த ஆவணத்தின் எந்தப் பதிப்புக்கு என்று பாருங்கள். நான்காம் பதிப்புக்குக் கொடுத்த வாக்கு ஐந்தாம் பதிப்புக்குத் தானாக ஒட்டாது. பாதியைச் செய்தால் பாதுகாப்பு உண்டா, முழுதும் செய்ய வேண்டுமா என்பது பெரிய விஷயம். ஏனென்றால் ஒரு கம்பைலர் எழுதத் தொடங்கும் எவரும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பாதியில்தான் இருப்பார். 'தேவையான காப்புரிமைகள்' என்ற சொல்லுக்கு என்ன விளக்கம் என்று தேடுங்கள். பெரும்பாலும், தரநிலையை வேறு வழியில் செய்யவே முடியாது என்ற அளவுக்கு அவசியமானவை மட்டும் அதில் வரும். வேகமாக ஓட வைக்கும் உத்தி அதில் வராது, நிஜத்தில் உங்களுக்கு வேண்டியது அந்த வேகம்தான் என்றாலும்.

அப்புறம், அந்தக் காப்புரிமையை நாளைக்கு வேறொருவருக்கு விற்றால் வாங்கியவரை அந்த வாக்கு கட்டுமா? 'வழக்குப் போட மாட்டேன்' என்ற வாக்குறுதிக்கும் உரிமத்துக்கும் நடுவே இங்கேதான் வித்தியாசம் எட்டிப்பார்க்கும். வாக்குறுதியிலேயே அதைப் பற்றி ஒரு வரி இருந்தால் நல்ல அறிகுறி.

நான் பாதுகாப்புக்காகக் காப்புரிமைகளைத் தேடிப் படிக்கட்டுமா?

பல அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் பொறியாளர்களிடம் படிக்காதே என்றுதான் சொல்கின்றன. தெரிந்தே மீறியதாக நிரூபணமானால் அங்கே இழப்பீட்டை மூன்று மடங்குவரை உயர்த்த நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அறிவைப் பரப்பத்தான் காப்புரிமை ஆவணத்தை வெளியிடுகிறார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும், சட்டமோ அந்த ஆவணத்தைப் படிக்காதவனுக்குச் சலுகை தருகிறது. கம்பைலரையே விற்பது உங்கள் தொழில் என்றால் நீங்களாகத் தேடாமல் வக்கீலிடம் கொடுங்கள்.

நான் செயலி மட்டும் எழுதுகிறேன். என் மேல் வழக்கு வருமா?

மொழியைப் பயன்படுத்தியதற்காக வருவது மிக அரிது. வழக்கு, பணம் இருக்கும் இடம் தேடிப் போகும். ஆனால் சட்டப்படி, பயன்படுத்துவதும் மீறலே. அதனால் 'வராது' என்று சொல்ல முடியாது, 'உங்களைத் தேடி வருவதில் யாருக்கும் லாபம் இல்லை' என்றுதான் சொல்லலாம். உங்களுக்கு நிஜமான ஆபத்து வேறு: நீங்கள் நம்பியிருக்கும் தளத்தின் ஒரே செயலாக்கம் ஒரு நிறுவனத்தின் கையில் இருந்து, மாற்று எழுத முயன்றவர் காப்புரிமைக்குப் பயந்து நிறுத்திவிட்டால், அந்த நிறுவனம் வைத்ததுதான் உங்களுக்குச் சட்டம்.

பழைய மொழியில் எழுதினால் தப்பிக்கலாமா?

ஓரளவுக்கு. 20 ஆண்டுகளுக்கு முன்பே வெளியான உத்தியின் மேல் உயிரோடு செல்லத்தக்க காப்புரிமை பொதுவாக இருக்க முடியாது. சி ஷார்ப்பின் முதல் தரநிலை 2001. அதில் இருந்தவற்றுக்கான காப்புரிமைகளின் காலம் முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். ஆனால் பழைய மொழியைப் புதிய உத்தியால் ஓட்டும் கம்பைலருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மொழியின் பெயருக்கும் சொந்தக்காரர் உண்டா?

உண்டு, அது வணிகச்சின்னம், காப்புரிமையிலும் சேராது, பதிப்புரிமையிலும் சேராது. 20 ஆண்டில் காலாவதியாகாது, பயன்படுத்திப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற பெயர் அமெரிக்காவில் சன்னிடமிருந்து ஆரக்கிளுக்கு வந்தது. ஆரக்கிளுக்கும் அந்த மொழியின் வளர்ச்சிக்கும் பெரிதாக ஒட்டுறவு இல்லை. அந்தப் பதிவை ரத்து செய்யக் கேட்டு, ஜாவாஸ்கிரிப்ட் இயக்குசூழல் ஒன்றை உருவாக்கும் டெனோ நிறுவனம் 2024 நவம்பரில் மனு போட்டது. தரநிலையில் அந்த மொழியின் பெயர் ஜாவாஸ்கிரிப்ட் இல்லை, எக்மாஸ்கிரிப்ட். அதைக் கேட்டால் ஏதோ தோல்வியாதியின் பெயர் போல இருக்கிறது என்று மொழியை உருவாக்கிய பிரெண்டன் ஐக்கே கேலி செய்திருக்கிறார்.